திங்கட்கிழமை 4.12-க்குக் கிடைத்த விடுப்பு

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. என் பார்சல் திரும்பிப் போகப்போகிறது என்றது. பதறிப்போய் அதிலிருந்த இணைப்பை அமுக்கினேன். ‘நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள். இது உங்கள் அலுவலகம் நடத்திய சோதனை’ என்று ஒரு பக்கம் திறந்து பல்லிளித்தது. அன்று முழுக்க எனக்குக் கோபம் ஆறவில்லை. மறுநாள்தான் உறைத்தது: அந்தக் கடிதத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அடித்துத் திருத்தி, இது போதுமா, நம்புவார்களா என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள். நானும் அந்த வேலையைத்தானே செய்கிறேன்?

2

முதல் தொடக்கம்: “சர்வர் அறையின் குளிரில் அவள் விரல்கள் மரத்துப்போய்...”

வேண்டாம். சர்வர் அறை என்றாலே எல்லாரும் குளிரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள்.

இரண்டாவது: “மருமகள் சர்வர் பார்த்துக்கொள்கிறாள் என்று மாமியார் பெருமையாகச் சொன்னபோது, சொந்தத்தில் ஒரு சித்தி, ‘எந்த ஓட்டல்ல?’ என்று கேட்டாள்.”

இது இருக்கட்டும்.

இருநூற்றுப் பத்துப் பேர் வேலை பார்க்கும் மருந்து விநியோக நிறுவனம் அது. அங்கே வரும், போகும் மின்னஞ்சல் எல்லாம் அந்த மருமகளின் பொறுப்பு. யாருடைய பெட்டி நிரம்பி வழிகிறது, யார் பாஸ்வேர்டை மறந்தார், எந்தக் கடிதம் வேஷம் கட்டிக்கொண்டு வெளியிலிருந்து நுழையப் பார்க்கிறது என்று பதினான்கு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் ஒழுங்காக நடக்கும்வரை அப்படி ஒருத்தி இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் ‘தபாலம்மா’ என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

3

விற்பனைப் பிரிவில் ஒருவர் ஒரு போலிக் கடிதத்தை நம்பி பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார். அவர் பெட்டியிலிருந்து ஒரே காலையில் நாற்பதாயிரம் குப்பைக் கடிதங்கள் கிளம்பின. அதன் பிறகு இந்த நிறுவனத்தின் பெயரைப் பார்த்தாலே மற்ற சர்வர்கள் வாசலோடு திருப்பி அனுப்பின. ஆஸ்பத்திரிகளுக்குப் போகவேண்டிய பதில்கள் மூன்று நாள் போகவில்லை.

(மேனேஜரை வில்லனாக்கிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிகளின் போனை எடுத்து வாங்கிக்கட்டிக்கொண்டது அவர்தான்.)

“எல்லாருக்கும் நாமளே ஒரு பொய் லெட்டர் அனுப்புவோம். யார் யார் மாட்டுறாங்கன்னு பார்த்து, அவங்களுக்குப் பயிற்சி கொடுத்துடலாம்” என்றார் மேனேஜர்.

பரிசு விழுந்திருப்பதாகத் தபாலம்மா எழுதிக் காட்டினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“இதை யார் நம்புவா மேடம்? நம்ம ஆளுங்க எதுக்குக் காத்துக்கிட்டு இருக்காங்களோ, அதை எழுதுங்க.”

அது அவளுக்குத் தெரியும். சரக்கு கணக்கெடுக்கும் மாதம். விடுப்பு விண்ணப்பங்கள் எல்லாம் கிடப்பில் கிடந்தன. ‘உங்கள் விடுப்பு பற்றிய முடிவு’ என்று தலைப்பு வைத்தாள். கீழே மேனேஜர் பெயர். பாஸ்வேர்டைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். அதில் ‘ஏமாந்தீர்கள்’ என்று போட்டால் முதலில் மாட்டுகிறவர் பக்கத்து மேஜைக்குச் சொல்லிவிடுவார், சோதனையே கெட்டுவிடும். அதனால் ‘அனுமதிக்கப்பட்டது. நன்றி’ என்று போட்டாள். உண்மையை எல்லாருக்கும் சேர்த்துப் புதன்கிழமை சொல்லிக்கொள்ளலாம்.

(யாராவது அதை நம்பிக் கிளம்பிவிட்டால்? இவ்வளவு விவரமானவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போகும்? இந்த இடத்தில் இரண்டு நாள் நின்றேன். நன்றாக எழுதிவிட்ட சந்தோஷத்தில் இருந்தாள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை. அந்தச் சந்தோஷம் கண்ணை மறைக்கும். எனக்குத் தெரியும்.)

4

திங்கட்கிழமை முப்பத்தொரு பேர் மாட்டினார்கள். மாலை 4.12-க்கு மாட்டியவர் ஸ்டோர் கீப்பர்.

ஐம்பத்தாறு வயது. மனைவி இல்லை. வேறு ஊரில் இருக்கும் மகளின் விவாகரத்து வழக்கு செவ்வாய்க்கிழமை வருகிறது. “நீ ஒண்ணும் பேச வேண்டாம்ப்பா. பக்கத்துல உட்கார்ந்தா போதும்” என்று சொல்லியிருந்தாள். ஒரே ஒரு நாள் விடுப்பு கேட்டு மூன்று வாரமாகியிருந்தது.

4.12-க்குக் கிடைத்தது. ஸ்டோர் சாவியை உறையில் போட்டார். மேலே ‘செவ்வாய் விடுப்பு’ என்று எழுதி கேட் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

5

காலையில் கணக்கெடுக்க வந்தவர்கள் பூட்டிய ஸ்டோர் வாசலில் நின்றார்கள். “சொல்லாம கொள்ளாம போயிருக்கார். சஸ்பெண்ட் பண்ணிட வேண்டியதுதான்” என்று மேனேஜர் சத்தம் போட்டது நடைவரைக்கும் கேட்டது. கேட்டிலிருந்து உறை வந்தது. அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்ததும் தபாலம்மாவுக்குப் புரிந்துவிட்டது. மூன்று முறை ஸ்டோர் கீப்பருக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

முதலில் நான் எழுதியது: “சர்வர் பதிவில் 4.12 என்ற அந்த ஒரு வரியை அவள் அழித்து, அவரைக் காப்பாற்...”

அசட்டுத்தனம். அவர் ஏமாந்ததைச் சொல்லும் அந்த வரிதான் அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி. அவள் அதை அச்செடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

“சார், அவர் லீவு வாங்கிட்டுத்தான் போயிருக்கார்.”

“யார் கொடுத்தது?”

“நீங்க.” காகிதத்தை வைத்தாள்.

“இது நீங்க எழுதின பொய் லெட்டர் மேடம்!”

“ஆமா சார். நம்ம சர்வர்லேருந்து உங்க பேர்ல போயிருக்கு. பொய்னு தெரியக் கூடாதுன்னுதானே மெனக்கெட்டு எழுதினேன்?”

மேனேஜர் கிடப்பிலிருந்த விண்ணப்பத்தைத் தேடி எடுத்தார். அப்போதுதான் முதல் முறையாகப் படிக்கிறார் என்பது அவர் படித்த நேரத்திலேயே தெரிந்தது.

“கொடுத்துடலாம்” என்றார் மெதுவாக. “நேத்து தேதி போட முடியுமா உங்களால? நேத்தே நான் கொடுத்த மாதிரி இருக்கட்டும். யாருக்கும் சங்கடமில்ல.”

“முடியும் சார். ஆனா செய்ய மாட்டேன். வெளியாள் எவனும் அதைச் செய்துடக் கூடாதுன்னுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கறீங்க. இன்னிக்குத் தேதியிலயே கொடுங்க. நேத்து நடந்ததை நான் எழுதித் தரேன், என் பேர்ல.”

11.40-க்கு விடுப்பு உண்மையிலேயே அனுமதிக்கப்பட்டது. அவள் எழுதிக் கொடுத்தது அவளுடைய கோப்பில் ஏறியது. அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. காரணத்தை யாரும் சொல்லவுமில்லை, அவள் கேட்கவுமில்லை.

6

ஒரு மணிக்கு ஸ்டோர் கீப்பரே கூப்பிட்டார்.

“தபாலம்மா, கோர்ட்டுக்குள்ள போனை அணைக்கச் சொல்லிட்டாங்க. மூணு தடவை கூப்பிட்டிருக்கீங்களே, ஏதாவது அவசரமா?”

“அங்க என்ன ஆச்சு?”

“முடிஞ்சிடுச்சும்மா. அந்தப் பக்கம் எட்டுப் பேர் வந்திருந்தாங்க. எம்பொண்ணு அழவே இல்ல. இப்ப வெளியில நின்னு ரெண்டு பேரும் ஜூஸ் குடிக்கறோம்.” உறிஞ்சும் சத்தம் கேட்டது. “நம்ம மேனேஜரைத்தான் நினைச்சுக்கிட்டே இருக்கேன். மூணு வாரமா வாயில வந்தபடி திட்டியிருக்கேன் மனுஷனை. கடைசி நேரத்துல கொடுத்துட்டார் பாருங்க! நாளைக்கு வந்ததும் முதல் வேலையா அவர் ரூமுக்குப் போய் ஒரு தேங்க்ஸ் சொல்லணும்.”

நாளை புதன்கிழமை. சோதனை பற்றிய உண்மையை எல்லாருக்கும் சொல்லும் நாள்.

இங்கே மூன்று முடிவு எழுதினேன். ஒன்றில் தபாலம்மா எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். ஜூஸ் கிளாஸோடு மகள் அவர் முகத்தையே பார்க்கிறாள். அடித்துவிட்டேன். இன்னொன்றில் “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்கிறாள் தபாலம்மா. மறுநாள், மாட்டிய மற்ற முப்பது பேர் பார்க்க அவர் நன்றி சொல்லப் போகிறார். அதையும் அடித்துவிட்டேன். மூன்றாவதில் “சாயங்காலம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாள். அது எனக்கு வசதியான முடிவு, அவளுக்கு இல்லை.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்கிறாள்.

அதுவரை நான் எழுதிவிட்டேன். அடுத்த வாக்கியம் உங்களுடையது. எதைச் சொன்னாலும் அவர் நம்பிவிடுவார். யோசித்துச் சொல்லுங்கள்.