காஜா இல்லாத சட்டை

சிறப்புப் பயிற்சி டீச்சர் மேசைமேல் ஒரு மரச்சட்டத்தை வைத்தார். அதில் இரண்டு துணிகள். ஒன்றில் பெரிய பொத்தான்கள், மற்றதில் அவை நுழையும் காஜா.

"பட்டன் மாட்டு பாப்போம், கண்ணு."

தையல்காரர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கேட்ட கணக்குக்கெல்லாம் அவர் மகள் வாயால் விடை சொல்வாள். பென்சிலைப் பிடித்தால் நாலு எழுத்துக்குள் கை ஓய்ந்துவிடும். பரீட்சைத் தாள் வெள்ளையாகவே திரும்பியிருந்தது. தோழிகளோடு மேல் வகுப்பா, அதே வகுப்பா என்று இன்று தெரிந்துவிடும்.

மகள் துணிகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தாள். பொத்தான்கள்மேல் உள்ளங்கையால் தட்டினாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

"முடிச்சிட்டேன்."

டீச்சர் சட்டத்தை நிமிர்த்தினார். துணி விலகித் தொங்கியது.

"என்னடி தங்கம், மேளமா வாசிக்கிற?" டீச்சர் அவர் பக்கம் திரும்பினார். "விளையாட்டு பீரியட் முடிஞ்சு டிரஸ் மாத்தறப்ப, முதல்ல சட்டை பட்டன் போட்டு முடிக்கிறது இவதான்னு வகுப்பு டீச்சர் சொன்னாங்க. விரல்ல குறையில்லன்னு நினைச்சு, எழுத்தைப் படிக்க மட்டும்தான் பயிற்சி குடுத்தோம். வீட்ல யாருங்க பட்டன் போட்டு விடறா?"

"நானேதான் போட்டுப்பேன்" என்றாள் மகள். அப்பாவைப் பார்க்கவேயில்லை.

முதல் வகுப்பில் பட்டன் போட வராமல் சட்டை திறந்தே கிடக்க, அவளைப் பிள்ளைகள் 'திறந்த கதவு' என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கே புதுச்சட்டை தைத்தார். காஜா வெட்டவில்லை. மேலே பொத்தான், அடியில் வெல்க்ரோ. தட்டினால் மூடிக்கொள்ளும். அதன்பின் எல்லாச் சட்டையும் அப்படித்தான். எந்தக் கண்ணுக்கும் சிக்காத வேலை. மனதுக்குள் அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

தையல்காரர் எழுந்து வந்தார். மகளின் சட்டையைக் கழுத்தோரம் பிடித்து இழுத்தார். கர்ரென்று பிரிந்தது.

"அப்பா!" இரண்டு கையாலும் சட்டையை அள்ளிப் பிடித்தாள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னியே!"

டீச்சர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இவளுக்கு இந்தக் கஷ்டம் உங்களால வரலீங்க. ஆனா பட்டன் மாட்டுற விரல்தானே பென்சிலும் பிடிக்குது? தெரிஞ்சிருந்தா அப்பவே விரலுக்கு வேலை குடுத்திருப்போம்."

"இப்ப ஆரம்பிச்சா... மேல் வகுப்புக்கு?"

"இந்த வருஷம் இல்லீங்க."

கடைக்கு வந்ததும் மகளின் வேறொரு சட்டையை எடுத்து, பிளேடால் வெல்க்ரோவைப் பிரித்தார். கழுத்தருகே ஒரு காஜா வெட்டி, ஓரம் கட்டிக் கொடுத்தார். மகள் முக்காலியில் உட்கார்ந்து பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளினாள். அது எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. மறுபடி தள்ளினாள்.

"அப்பா, நான் டீச்சர்கிட்ட நல்லாத்தானே சொன்னேன்? பொய்னு தெரியலதானே?"

"தெரியலடா."

"அப்பறம் நீ ஏன் காட்டிக்கொடுத்தே?"

அடுத்த காஜாவுக்கு ஊசியில் நூல் கோக்கக் குனிந்தார். நூல் ஊசிக் காதில் நுழையவில்லை.