மூச்சு எடுக்கிற இடம்

ஜெராக்ஸ் கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அது அப்படித்தான் நிற்கும். நகல் எடுக்க வந்தவர்கள் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நண்பர்கள் குனிந்து உள்ளே வருவார்கள். இயந்திரத்தின் மூடிமேல் ஒரு ஸ்பீக்கர், அதைச் சுற்றி டீ கிளாஸ்கள், காகிதக் கட்டுகளின்மேல் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர். கடைக்காரர், பஸ் ஓட்டுகிற டிரைவர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் டீச்சரக்கா, பல் செட் செய்கிறவர். இவர்களுக்குள் உறவுமில்லை, தெருவும் ஒன்றில்லை. இளவயதில் ஒரே பாடகரைக் கேட்டு உருகியவர்கள் என்பது மட்டும்தான் சொந்தம். இப்போது அந்தப் பாடகரைத் திட்டுவதற்காக வாரம் தவறாமல் கூடுகிறார்கள்.

"'ஈரச் சுவர்'தான் உச்சம். அதுக்கப்புறம் மனுஷன் இறக்கத்துல நியூட்ரல்ல வந்துட்டிருக்கார்," என்றார் டிரைவர்.

"'மூன்றாவது மாடி'யைக் கேக்காதவன் மாதிரி பேசாத. ஒரிஜினல்னா அது ஒண்ணுதான். மிச்ச ஆல்பமெல்லாம் அதோட ஜெராக்ஸ்." கடைக்காரர் இயந்திரத்தைத் தட்டினார். "கடைசியா வந்தது இருக்கே, டோனர் தீர்ந்துபோன ஜெராக்ஸ்."

"அதுல நாலாவது பாட்டு நல்லாத்தான்ப்பா இருக்கு," என்றார் டீச்சரக்கா. யாரும் காதில் வாங்கவில்லை.

"பல்லவ மன்னா, அந்தச் சருகைக் கொஞ்சம் எடுத்து விடுங்க," என்றார் டிரைவர்.

பல் செட் செய்கிறவருக்கு அங்கே அதுதான் பெயர். பல்லை வைத்துப் பிழைப்பதால் பல்லவர். அவர் கொஞ்சம் பிகு பண்ணினார். பிறகு எழுந்து நின்றார். 'சருகும் சாலையும்' என்ற அந்தக் கடைசி ஆல்பத்தில், பாடகர் 'ச' வரும் இடத்திலெல்லாம் மெல்லிய விசில் ஒன்று சேர்ந்து ஒலிக்கும். பல்லவர் நாக்கை முன்பல்லின் பின்னால் ஒட்டவைத்து, "சருகு சலசலக்கும் சாலையிலே" என்று இழுத்தார். குக்கர் மாதிரி விசில் வந்தது. டிரைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

இந்தக் கூத்தைக் கடைக்காரர் முன்பே போனில் பதிவு செய்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தார். அந்த நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்ப, குரல் மட்டும் ஊர் சுற்றியது. 'விசில் அண்ணன்' என்று தலைப்பே வந்துவிட்டது. பல்லவரின் மனைவி கேட்டுவிட்டு, "நல்லாத்தான் பண்றீங்க. ஆனா பாவங்க, வயசான மனுஷன்," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். பல்லவர் கெட்டவர் இல்லை. அன்பு முற்றினால் உரிமை வரும். உரிமை முற்றினால் வாய் நீளும். அவ்வளவுதான் நடந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் டாக்டரம்மா அவரைக் கிளினிக்குக்குக் கூப்பிட்டார். பல்லவர் நோயாளிகளைப் பார்ப்பது அபூர்வம். நாலைந்து கிளினிக்குகளிலிருந்து வாயின் அச்சு பிளாஸ்டரில் எண் ஒட்டி வரும். அவர் தன் பட்டறையில் மெழுகு உருக்கி, பல் அடுக்கி, செட் செய்து அனுப்புவார். முகமே இல்லாத வாய்களோடுதான் அவர் வாழ்க்கை.

"இவருக்குப் பழைய செட் சரியா அமையல. வேற எங்கயோ போட்டது. பேசினா விசிலடிக்குதாம். நீங்களே பக்கத்துல இருந்து கேட்டுட்டுப் புதுசு செஞ்சிடுங்க," என்றார் டாக்டரம்மா.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் வாயைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். பல் இல்லாத கன்னங்கள் உள்ளே போயிருந்தன. ஆனால் அந்த நெற்றியும், இடது புருவத்தை வெட்டிச்செல்லும் தழும்பும், பல்லவரின் இளவயது அறைச் சுவரில் ஒட்டியிருந்த பாடகரின் படத்தில் இருந்தவை.

ஆண்டவன் ஒருவனைத் திருத்த நினைத்தால் இடியும் மின்னலும் அனுப்புவதில்லை. சிலசமயம் ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை அனுப்புகிறான். டாக்டரம்மா நீட்டிய கிண்ணத்தில் அந்தப் பழைய செட் கிடந்தது. பல்லவர் அதை எடுத்துத் திருப்பினார். அண்ணத் தகட்டில், தண்ணீர் வடிந்த மணலில் விழுவதுபோலச் சின்னச் சின்ன வரிகள். இயற்கையான அண்ணத்தில் இருப்பதுபோல இப்படி வரி கீறுகிறவர் அந்த வட்டாரத்தில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை. யாரும் பார்க்காத இடத்திலும் அழகு வேண்டும் என்று அவர் பெருமையாகச் செய்கிற வேலை அது. கட்டைவிரலால் முன்பற்களின் பின்புறம் தடவினார். தடிமனாக இருந்தது. அங்கே தடித்தால் காற்றுக்கு வழி குறுகும், குறுகினால் விசில்தான். தொழில் பழகுகிறவனுக்கும் தெரிந்த விஷயம். அதைச் செதுக்கி மெலிதாக்கும் வேலையை ஏன் விட்டோம் என்பதும் அவருக்கு மங்கலாக நினைவு வந்தது. ஏதோ ஒரு ஞாயிறு. திங்கள் காலையில் அனுப்பவேண்டிய செட். 'ஈரச் சுவரா, மூன்றாவது மாடியா' என்று கடையில் வழக்கு காத்திருந்தது. இது போதும், பழகிவிடும் என்று எழுந்து ஓடியிருந்தார்.

பக்கத்தில் நின்ற பாடகரின் மனைவி சொன்னார்: "அப்பவே சொன்னோம் தம்பி. பழகிடும்னு அனுப்பிட்டாங்க. இவரும் அதோடவே போய் அந்த ஆல்பத்தைப் பாடிட்டு வந்துட்டார். அப்புறம் எவனோ ஒருத்தன் இவர் மாதிரியே விசிலடிச்சுப் பாடி போன்ல விட்டிருக்கான். ஒரு கச்சேரில முன்வரிசையே விசிலடிச்சுது. அன்னையிலருந்து என்கிட்ட பேசும்போதுகூடக் கையை வச்சு வாயை மூடிக்கறார். இந்தத் தடவையும் சரியா வரலன்னா பாட்டே வேண்டாம்கறார்."

பாடகர் செட்டை வாங்கி வாயில் பொருத்திக்கொண்டார். "சும்மா இரும்மா," என்றார். அந்த 'சு'விலேயே விசில் வந்தது. அவர் கை தானாக உதட்டுக்குப் போனது. கைக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "அந்தப் பையனை நானும் கேட்டேன். என் மூச்சு எங்க நிக்கும், எங்க எடுப்பேன்னு அவனுக்குத் துல்லியமாத் தெரிஞ்சிருக்கு. சும்மா கிண்டல் பண்றவனுக்கு அது வராது. ரொம்ப வருஷம் என்னை ஆசையாக் கேட்டவன்தான் அவன். அதான் கொஞ்சம் வலிச்சுது."

அவர் திட்டியிருந்தால் பல்லவர் தாங்கியிருப்பார். எதையாவது சொல்லியாக வேண்டும். கடைசியில் எளிதான பாதியை மட்டும் சொன்னார்.

"ஐயா, இந்தச் செட்டைச் செஞ்சது நான்தான். தப்பு என்னோடது."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். பாடகர், "அப்ப நல்லதாப் போச்சு. பூட்டைப் போட்டவருக்குத்தான் சாவி எங்கன்னு தெரியும்," என்றார். அவர் மனைவி, முகம் வெளுத்து நின்ற பல்லவரிடம் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அதை வாங்கிக் குடித்தது செட்டைப் பார்த்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு ஜெராக்ஸ் கடையில் டிரைவர் வழக்கம்போல, "மன்னா, சருகு," என்றார்.

"இனிமே வேண்டாம். அது பாட்டோட கோளாறு இல்ல, பல் செட்டோட கோளாறு. செஞ்சவன் நான்," என்றார் பல்லவர். நடந்ததைச் சொன்னார்.

கடைக்காரர் போனை எடுத்து அந்தப் பதிவை அழித்தார். ஊருக்குள் போனதை அழிக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் அழித்தார். "மன்னர் காலத்துப் பிழை," என்று டிரைவர் மெதுவாக ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல் நிறுத்திக்கொண்டார்.

டீச்சரக்கா 'சருகும் சாலையும்' ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து போட்டார். அவரைத் தவிர வேறு யாரும் அதை முழுசாகக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. முதல் பாட்டின் முதல் விசிலிலேயே சிரிக்கத் தொடங்கி அங்கேயே நின்றுவிட்டவர்கள். எல்லாப் பாட்டும் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல முடியாது. மூன்று சுமார், ஒன்று இழுவை. ஆனால் நாலாவது பாட்டில், படுக்கையில் கிடக்கும் மனைவிக்குத் தலை வாரிவிடுகிற ஒருவன் பாடினான். டிரைவரின் மனைவி முந்தைய வருஷம் பூரா படுக்கையில் இருந்தவள். பாட்டு முடிந்தபோது அவர் ஷட்டருக்கு வெளியே தெரிந்த கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்," என்றார் டீச்சரக்கா. அதில் வெற்றி ஒன்றும் இல்லை.

புதிய செட்டை மெழுகிலேயே முதலில் பொருத்திப் பார்க்கும் நாள் வந்தது. பல்லவர் அதைப் பலமுறை செதுக்கியிருந்தார். ஒவ்வொரு முறை கத்தியை எடுக்கும்போதும் உதட்டுக்குள் ஏதோ முனகினார். அது பிரார்த்தனையா மன்னிப்பா என்று அவருக்கே தெரியாது. செட்டைப் பாடகரின் வாயில் மெல்ல அழுத்திவிட்டுச் சொன்னார்: "ஐயா, அந்தச் சருகு வரியைப் பாடிப் பாருங்க. பேச்சைவிடப் பாட்டுலதான் தெரியும்."

பாடகர் மனைவியைப் பார்த்தார். கை உதட்டை நோக்கி எழுந்தது. மனைவி அந்தக் கையைப் பிடித்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

"சருகு சலசலக்கும் சாலையிலே..."

விசில் இல்லை. குரல் பழைய குரலும் இல்லை. விளிம்பு தேய்ந்து, மேலே போகுமுன் கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கத்துக்கு எந்தச் செட்டும் மருந்தில்லை. ஆனால் ஒவ்வொரு 'ச'வும் காய்ந்த இலை தரையில் உரசுவதுபோலத் தெளிவாக விழுந்தது. அந்தப் பாட்டு அதற்காகத்தான் அப்படி எழுதப்பட்டது என்று பல்லவருக்கு இப்போதுதான் புரிந்தது. கைப்பிடியில் பாடகரின் விரல்கள் தாளம் போடத் தொடங்கின. இரண்டாவது வரிக்கு முன் அவர் மூச்சு எடுத்தார். பாடினார். நிறுத்தினார்.

டாக்டரம்மா புன்னகைத்தார். பாடகர் பல்லவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க பாடுவீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"நான் மூச்சு எடுக்கறதுக்கு ஒரு இமைப்பொழுது முன்னாலயே உங்க தோள் ஏறிச்சு. அதான் கேட்டேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. பதிலுக்குக் காத்திருப்பதுபோலவும் தெரியவில்லை. மெழுகுப் பற்கள் நகர்ந்துவிடாதபடி கவனமாக அவர் உதடுகள் விரிந்தன; கை கைப்பிடியிலேயே கிடந்தது. அவர் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

பல்லவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மெழுகு மணக்கும் தன் விரல்கள் எப்போது மேலே எழுந்து தன் உதட்டை மூடிக்கொண்டன என்று அவருக்குத் தெரியவில்லை.