ஆட்சேபணை இல்லை

தங்கள் தெருவின் முறை வந்ததும் தையல்கடைக்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வார்டு அலுவலகக் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் வரவில்லை. கடையைப் பாதியில் சாத்திவிட்டு அவள் வந்தது சாக்கடைக்காக. நாலு தூறல் விழுந்தால் போதும், தெருமுனைச் சாக்கடை பொங்கிப் படியேறி அவள் கடைக்குள் வந்துவிடும். போன மழையில் ஊரார் துணி ஒரு மூட்டை நாறிப்போய், வாங்கிக் கட்டிக்கொண்டது அவள்தான்.

தெருவின் சார்பாக மருந்துக்கடைக்காரர் பேசினார். சாக்கடை என்றார், எரியாத விளக்கு என்றார், வராத குப்பை வண்டி என்றார். எதிரே இருந்த பொறியாளர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாக்கடைக்கு டெண்டர் விட வேண்டும், விளக்கு வேறு துறை, வண்டிக்கு டிரைவர் இல்லை. மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கடைசியா ஒண்ணு சார். பஸ் ஸ்டாப்ல இருக்கிற பெஞ்சை எடுத்துட்டா நல்லாயிருக்கும்."

"பெஞ்சு வேணும்னுதான் எல்லாரும் வருவாங்க. நீங்க என்ன எடுக்கச் சொல்றீங்க?"

மருந்துக்கடைக்காரர் பின்னால் இருந்த தெருக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டீச்சர் எழுந்தாள். "சில பேர் நாள் பூரா அங்கேயே உக்காந்துடறாங்க சார். பொம்பளப் பிள்ளைங்க நிக்கவே பயப்படுது. போன வாரம் என் பொண்ணு பஸ் ஏறப்போறா, கையைப் பிடிச்சு இழுத்து… தப்பான எண்ணம்னு சொல்லல. ஆனா குழந்தை தூக்கத்துல அலறுது சார்."

சில பேர் என்றாள். ஒரே ஆள்தான். தையல்கடைக்காரியின் தம்பி. தெருவுக்கே தெரியும். இருந்தும் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். கை வைத்தால் எந்த மிஷினும் பேசும் என்று பெயர் வாங்கியவன். ஒரு கட்டடத்தில் கூட்டாளியோடு பழுது பார்க்க இறங்கியபோது பெட்டி சரிந்து இருவரும் சுவருக்கும் இரும்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டார்கள். வெளியே எடுக்கும்வரை தம்பி கூட்டாளியோடு பேசிக்கொண்டே இருந்தானாம். பாதியில் பதில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவனுக்கு நாலு சுவர் ஆகாது. கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே உடம்பு வேர்த்துவிடும். வாசல் திறந்திருந்தால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவான், படுப்பான். மீதி நேரமெல்லாம் அந்த பெஞ்சுதான்.

டீச்சர் மகளை இழுத்ததற்கும் அவனிடம் காரணம் இருந்தது. "பஸ் கதவு மூடப்போச்சுக்கா. பிள்ளை நடுவுல மாட்டியிருக்கும்" என்றான்.

"சாக்கடை, விளக்கெல்லாம் நாளாகும். பெஞ்சுன்னா நாளைக்கே ஆள் அனுப்பறேன்" என்றார் பொறியாளர். செய்துகொடுக்க ஒன்று கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

அப்போதுதான் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். லிஃப்டைச் சொல்ல வேண்டும், கூட்டாளியைச் சொல்ல வேண்டும், அந்தக் கதவைச் சொல்ல வேண்டும். டீச்சர் கண்ணில் நீர் கட்டி நின்றது. அந்தக் குழந்தைக்கு முதல் சட்டை தைத்ததே அவள்தான். கூடவே இன்னொன்றும் மனதுக்குள் நுழைந்தது: பெஞ்சு போய்விட்டால் ஒருவேளை வீட்டோடு இருப்பானோ? இருக்கமாட்டான் என்று அவளைவிட யாருக்குத் தெரியும். இருந்தாலும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"இல்ல சார். எடுத்துடுங்க."

திரும்பும்போது தம்பி பெஞ்சில்தான் இருந்தான். அவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான்.

"மீட்டிங் போனியாமே. சாக்கடை விஷயம் சொன்னியா?"

"சொன்னேன்டா."

"செய்வாங்களா?"

"செய்வாங்க."

"நீ போய்ப் பேசினா செய்யாம இருப்பாங்களா" என்று சிரித்தான். அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்துபோக நெடுநேரம் மனம் வரவில்லை.

சொன்னபடி மறுநாளே வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கி, அறுக்கும் மிஷினை பெஞ்சின் காலில் வைக்கப் போனார்கள். எதிரே தன் கடையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்துவான், மேலே விழுவான் என்று எண்ணியிருந்தாள். தம்பி எழுந்து நின்று குனிந்து பார்த்தான்.

"ஏன் அறுக்கறீங்க? போல்டுதானே. ஸ்பேனர் குடுங்க."

விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவன் கை ஸ்பேனரைப் பிடித்தது. மண்டியிட்டு, துருவை ஊதித் தள்ளி, ஒவ்வொரு போல்டாகப் பதமாகக் கழற்றினான். பெஞ்சை வண்டியில் ஏற்ற அவனும் ஒரு பக்கம் தூக்கினான்.

"ரிப்பேருக்கா? எப்ப கொண்டு வருவீங்க?"

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "வந்துடும்ணே."

அன்றிலிருந்து அவன் நின்றான். இரவு வரும்போது கால் வீங்கியிருக்கும். "இம்மாந்தூண்டு ரிப்பேருக்கு இத்தனை நாளாக்கா?" என்பான். ஒரு நாள் அவள் கடை ஸ்டூலை எடுத்துப்போய் அங்கே போட்டாள். மருந்துக்கடைக்காரர் வேகமாக வந்து, அவளை நேரே பார்க்காமல் சொன்னார்: "அக்கா, கோச்சுக்காதீங்க. நீங்களேதானே எழுந்து சொன்னீங்க." அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

உட்கார்ந்திருந்த வரைக்கும் எந்த பஸ்ஸும் அவனை மதித்ததில்லை. இப்போது நிற்கிறவனைக் கண்டு ஒவ்வொன்றும் ஓரங்கட்டி, புஸ்ஸென்று கதவைத் திறந்தது. அவன் பின்வாங்கித் தலையை ஆட்டுவான். டிரைவர் ஏதாவது திட்டிவிட்டு எடுப்பார். பஸ் நிற்கும்போதெல்லாம் அதற்குப் பின்னால் அவன் மறைந்துபோவான். அது நகர்ந்து, மறுபடி அவன் தெரிகிறவரைக்கும் அவள் காலடியில் மிஷின் ஓடாது.

ஒரு மாலை தூறல் விழுந்து சாக்கடை மறுபடி பொங்கியிருந்தது. துணிகளை மேலே எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் பிரேக் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பஸ் நின்றிருந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது. டிரைவர் திட்டும் சத்தம் கேட்கவில்லை. வழக்கத்தைவிட நேரமாகியும் அது நகரவில்லை. யாருடையதோ தைத்து முடிக்காத சட்டை கையில் தொங்க, கணுக்கால் அளவு நீரில் அவள் வாசலுக்கு வந்து நின்றாள். பஸ்ஸின் விளக்கு போட்ட ஜன்னல்களில் ஒவ்வொன்றாகத் தம்பியின் முகத்தைத் தேடினாள். கதவு மூடிக்கொள்ளும் சத்தம் தெருவைத் தாண்டி வந்தது.