தமிழ் தெரியாதவர்களின் சிரிப்பு

கார்ப்பரேட் வாழ்க்கையைக் கிண்டலடித்து நான்கு புத்தகங்கள் எழுதியிருக்கிறேன். ஆனால் ஒரு நாள்கூட ஆபீஸ் வேலைக்குப் போனதில்லை. தாராவியில் தோல்பை வியாபாரம் செய்கிறவன் நான். புத்தகங்களில் உள்ள சரக்கு முழுக்க என் தங்கை உமைராவுடையது. ஐரோலியில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. சாயங்காலம் வீட்டுக்குள் வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்க மாட்டாள். மேனேஜர் மீட்டிங்கில் பேசியதை நடித்துக் காட்டிவிட்டு, மூக்கால் ஒரு சத்தம் போட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் எழுதிக்கொள்வேன். உழைப்பு அவளுடையது, பெயர் எனக்கு.

சில மாதங்களாக அவள் வாயே திறப்பதில்லை. கேட்டால், "ஒண்ணுமில்ல காக்கா, டிரெயின்ல கூட்டம்" என்பாள். எங்கள் வீட்டில் அண்ணன் என்றால் காக்கா. அந்தச் சமயத்தில்தான் அவள் கம்பெனியிலிருந்தே என்னைப் புத்தகம் வாசிக்கக் கூப்பிட்டார்கள். கதையெல்லாம் யார் சொல்லி வெளியே போனது என்று தெரிந்துவிட்டால் அவள் வேலை போய்விடும். போகாமலிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். போனேன்.

எச்.ஆர். தலைவர் வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர், வாசலுக்கே வந்து கைகொடுத்தார்.

"தமிழ்லயே படிங்கோ சார்."

"இங்க எத்தனை பேருக்குத் தமிழ் தெரியும்?"

"எனக்கும் உங்க சிஸ்டருக்கும்தான். கவலைப்படாதேள். எல்லாரும் சிரிப்பா."

சிரித்தார்கள். மராத்தியும் குஜராத்தியும் பேசுகிறவர்கள் நிறைந்த ஹால், முதல் ஜோக் முடிந்ததும் ஒரே குரலில் சிரித்தது. குழாயை மூடினாற்போல் ஒன்றாக நின்றது. வெட்கமில்லாமல் எனக்கு உச்சி குளிர்ந்தது. மூன்றாவது ஜோக்கில் முன்வரிசைக் கண்ணாடிக்காரர் ஒருவர் சிரிக்கக் கொஞ்சம் பிந்திவிட்டார். வேங்கடசுப்ரமணியன் போய் அவர் தோளைத் தொட்டார். அவர் எழுந்து, பையைக்கூட எடுக்காமல், வெளியே போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் திரும்பி வரவும் இல்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பதை நிறுத்தினேன். அப்படியும் சிரிப்பு வந்தது, அடுத்த ஜோக் முடிந்திருக்க வேண்டிய இடத்தில், அச்சுப் பிசகாமல்.

நடுவரிசையில் உமைராவும் அவர்களைப் போலவே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அது அவள் சிரிப்பே இல்லை. என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்தாள். வேணாம் காக்கா, படிங்க.

நான் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை எப்படியாவது உடைத்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. புத்தகத்தை மூடிவிட்டு, யாராலும் சிரிக்கவே முடியாத ஒன்றைச் சொன்னேன்.

"எங்க வாப்பா போன ரமலான்ல மௌத்தாயிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியில, சயான் டிராபிக்ல, என் தங்கச்சி மடியிலதான் உயிர் போச்சு."

ஹால் சிரித்தது.

அர்த்தம் புரிந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. வேங்கடசுப்ரமணியன் மெதுவாகத் திரும்பி உமைராவைப் பார்த்தார். அவள் வரிசையை நோக்கி நடந்தார். நான் செய்துவிட்ட காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உமைரா சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாக, கண்ணீர் கன்னத்தில் வழிய வழிய, அவர் நடை நிற்கும்வரை சிரித்தாள்.

அவர் திருப்தியாக என் பக்கம் தலையசைத்தார். "மேல படிங்கோ சார்."

விட்ட பக்கத்தைத் தேடி எடுத்துப் படித்தேன்.