லிஃப்ட்காரர் இல்லை

தான் செத்துப்போன செய்தியை லிஃப்ட்காரர் ஒரு சனிக்கிழமை மாலை ஏழரை மணிக்கு, தன் வீட்டு சோபாவில், கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தபோது தெரிந்துகொண்டார். செய்தி டிவியில் வந்தது. 'குரல் மகுடம்' பாட்டுப் போட்டியின் ஒன்பதாவது சீசன், முதல் நிகழ்ச்சி. அவருடைய ஒரே மகள் மேடையில் மைக் முன்னால் நிற்கிறாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவில் ஒரு வீடியோ புகுந்தது. அதில் ஒரு லிஃப்டின் கயிறு பிரிபிரியாகப் பிரிந்து அறுந்தது. "அந்த லிஃப்டில் போனவர் திரும்பி வரவில்லை. அவர் விட்டுச்சென்ற குரல் இதோ" என்று கனத்த தொண்டையில் யாரோ சொன்னார்கள். லிஃப்ட்காரரின் கல்யாணக் காலத்துப் படம், அடர்ந்த மீசையும் தலை நிறைய முடியுமாக, வயலின் சத்தத்தோடு மெல்ல மேலே எழும்பியது.

முன்கூட்டியே பதிவுசெய்த நிகழ்ச்சி என்பதால் மகளும் சோபாவில் பக்கத்திலேயே இருந்தாள். மனைவி முதலில் டிவியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"டீ ஆறுது, குடிங்க" என்றாள்.

லிஃப்ட்காரருக்குச் செத்ததுகூடப் பெரிதாகப் படவில்லை. கயிறுதான் உறுத்தியது. இருபத்தாறு வருஷமாக லிஃப்ட் ரிப்பேர் செய்கிற மனுஷர். ஒரு லிஃப்டுக்கு நாலைந்து கயிறு இருக்கும், ஒன்று அறுந்தால் மற்றவை தாங்கும், எல்லாமே போனாலும் கவ்விப் பிடித்து நிறுத்த அடியில் தனி பிரேக் இருக்கிறது என்று டிவியைப் பார்த்தே விளக்கினார். டிவி கேட்பதாக இல்லை. மகள் அதற்குள் பாடி முடித்திருந்தாள். மூன்று நடுவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கே பிசகியது என்று மகள் யோசித்து யோசித்து, கடைசியில் ஒரு ஃபோனில் வந்து நின்றாள். இந்தப் போட்டியில் பாடுகிறவர்களின் குடும்பக் கதையைக் கேட்டு எழுத ஒரு பெண்ணைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கதைக்காரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவளுடைய அட்டையில் 'உணர்வுப் பிரிவு ஒருங்கிணைப்பாளர்' என்று போட்டிருக்கும். அவள் போன மாதம் ஒரு மத்தியானம் ஃபோன் செய்து, அப்பா இருக்காரா என்று கேட்டாள். இல்லைங்க என்றாள் மகள். எப்படிம்மா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் கதைக்காரி. லிஃப்டுல ஆள் மாட்டிக்கிச்சுன்னு திடீர்னு ஃபோன் வந்துச்சு, பாதி சாப்பாட்டுலேயே போயிட்டாருங்க என்றாள் இவள். ஒரு வார்த்தைகூட சொல்லலையா? சொல்ல எங்க நேரம்? உங்களுக்கெல்லாம் கஷ்டமா இல்லையா? பழகிடுச்சுங்க. அன்றைக்கு லிஃப்ட்காரர் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பல் டாக்டரை வெளியே எடுத்துவிட்டு, நாலு மணிக்கு வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

"ஷூட்டிங்ல நடுவர் சார், 'அப்பா எங்க இருந்தாலும் கேட்டுக்கிட்டிருப்பாரும்மா'ன்னு சொன்னார். நீங்க டூட்டியில இருக்கறதைத்தான் சொல்றார்னு நானும் தலையை ஆட்டினேன்பா" என்றாள் மகள். பிறகு அவள் முகம் சுருங்கிவிட்டது. "என் பாட்டைக் கேட்டுத்தான் அழறாங்கன்னு நெனச்சேன்."

அதுதான் லிஃப்ட்காரரை என்னவோ செய்தது. இதே போட்டிக்கு இதற்கு முன் மூன்று தடவை போனவள் அவள். இதே குரல், இதே பாட்டு. மூன்று தடவையும் இரண்டு வரி பாடுவதற்குள் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை அப்பா செத்த பிறகுதான் குரல் கேட்டிருக்கிறது.

திங்கட்கிழமை மூன்று பேரும் டிவி ஆபீசுக்குப் போனார்கள். கதைக்காரியின் அறையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் போட்டியாளர்களின் எண், எதிரே 'இழப்பு' என்று ஒரு கட்டம். ஒருவனுக்கு வீடு, ஒருத்திக்குக் காதல், இன்னொருவனுக்கு இடது கால். பதினொன்றாம் எண்ணுக்கு எதிரே வெறும் கேள்விக்குறி. தாய் தகப்பன், சொந்த வீடு, கை கால் எல்லாம் சரியாக இருந்த அந்தப் பையன் நல்ல பாடகனாம். பிறகு இரண்டாவது வாரமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான்.

செத்தவர் உள்ளே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் கதைக்காரிக்கு வியர்த்துவிட்டது. மன்னிப்புக் கேட்டாள், தண்ணீர் கொடுத்தாள், தன் வேலை போய்விடும் என்று கண்கலங்கினாள். அழவைப்பதே வேலையாக இருந்ததால் அவளுக்கு அழுகை நன்றாக வந்தது. வீடியோவை இருபது லட்சம் பேர் பார்த்தாகிவிட்டது, இப்போது மறுப்புப் போட்டால் பொய்த் தகவல் கொடுத்தாள் என்று பெண்ணையே போட்டியிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்றாள். மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

"பன்னெண்டு வாரம்தானே" என்றார் லிஃப்ட்காரர். "செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

அடுத்த சிக்கல் அங்கேயே முளைத்தது. வாரா வாரம் குடும்பத்தில் இரண்டு பேர் ஸ்டுடியோவில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கலங்க வேண்டும் என்பது விதி. அம்மாவோ, இவர் இல்லாமல் தனியாக வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அப்படியானால் சாரை மாமா என்று காட்டிவிடலாமே என்றாள் கதைக்காரி.

"மாமான்னா எனக்கு அண்ணன் முறை" என்றாள் அம்மா. "இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தின மனுஷனை அண்ணன்னு சொல்ல எனக்கு வாய் வராது. வேற ஏதாவது பாரும்மா."

சித்தப்பா என்று கதைக்காரி எழுதிவிட்டு, லிஃப்ட்காரரின் வழுக்கையைப் பார்த்துவிட்டு அடித்தாள். பெரியப்பா என்று முடிவாயிற்று. உங்களுக்கு நிஜமா அண்ணன் யாராவது உண்டா என்று கேட்டாள். நான்தான் மூத்தவன் என்றார் இவர். ரொம்ப நல்லது சார், யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க என்று சந்தோஷமாகப் பலகையில் மகளின் எண்ணுக்கு எதிரே, இழப்புக் கட்டத்தில் 'அப்பா' என்று மறுபடி அழுத்தி எழுதினாள். அம்மா ஸ்டுடியோவில் அவரை எப்படிக் கூப்பிடப் போகிறாள் என்றும் கவலைப்பட்டாள். நான் என்னைக்கும் 'இந்தாங்க'ன்னுதான் கூப்பிடறேன், அது எல்லா முறைக்கும் பொருந்தும் என்றாள் அம்மா.

இப்படியாக லிஃப்ட்காரர் தன் தம்பிக்காகத் துக்கப்படுகிற அண்ணனாக வாரா வாரம் டிவியில் வந்தார். தம்பி சாயல் அப்படியே இருக்கு என்று ஊரே பேசியது. மகளுக்கு 'லிஃப்ட் குயில்' என்று பட்டம் கொடுத்தார்கள். ஐந்தாவது வாரம் மேடையிலேயே ஒரு லிஃப்ட் செய்து வைத்து, கதவு திறக்கப் புகை வர, உள்ளேயிருந்து அவர் படம் வெளியே வந்தது. ஒட்டுப்பலகைக் கதவை இரண்டு பேர் மறைவில் நின்று இழுத்தார்கள். கதவு பாதியில் தட்டி நின்றது. இவருக்குக் கை பரபரத்தது. ஆனாலும் தம்பியின் படத்தைப் பார்த்துக் கலங்க வேண்டிய நேரம் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கலங்கினார்.

அக்கம்பக்கத்தில் யாராவது போட்டுக்கொடுத்துவிடுவார்களோ என்று பயந்தார்கள். ஒருவரும் மூச்சு விடவில்லை. நம்ம பொண்ணு ஜெயிக்க வேண்டாமா? எதிர்வீட்டு அம்மா நிகழ்ச்சியைப் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதுவிட்டு நேரே இங்கே வந்தாள். கதவைத் திறந்ததே லிஃப்ட்காரர்தான். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தேத்திக்கோங்க அண்ணே என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள். வேலையிடத்தில் மேலாளர், சீசன் முடியற வரைக்கும் ரொம்ப வெளியே தலை காட்டாதீங்க, உயிரோட இருக்கறது தெரிஞ்சா ஓட்டு குறையும் என்று அவரைக் கிடங்குக்கு மாற்றினார். அவர் பார்த்துவந்த கட்டடங்களில் பாதிப் பேர் கயிற்றுக்குப் பயந்து படியேற ஆரம்பித்திருந்தார்கள்.

இதையெல்லாம் அவர் தூசியாகத் தட்டிவிட்டார். மகள் வாரத்துக்கு வாரம் மேலே போய்க்கொண்டிருந்தாள், நன்றாகவும் பாடினாள். வெளியில் எங்கே யார் கேட்டுவிடுவார்களோ என்று அவரைப் பெரியப்பா என்றே கூப்பிட்டுப் பழகிக்கொண்டாள். காரில், ஒப்பனை அறையில், தெருவில், எங்கும் பெரியப்பாதான்.

எட்டாவது வாரம், ஒரு காலை. லிஃப்ட்காரர் சமையலறையில் குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மகள் கூடத்தில் பாட்டு வரிகளை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமலே குரல் கொடுத்தாள்.

"பெரியப்பா, எனக்கும் ஒரு டம்ளர் தண்ணி."

வீட்டில் வெளியாள் யாரும் இல்லை. அவள் சொன்னது அவளுக்கே உறைக்கவில்லை. அவர் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தார், அவள் குடித்தாள், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். லிஃப்ட்காரர் சமையலறைக்கு வந்து அந்த டம்ளரைக் கழுவினார். கழுவினதையே மறுபடி கழுவினார். செத்துத்தான் போய்விட்டோம் போலிருக்கிறது என்று முதல் தடவையாக நினைத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா இதைப் பார்த்தாள். அன்று சாயந்தரம் மகளைத் தனியாகக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு மகள் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. அது பெரியப்பாவைவிட மோசமாக இருந்தது.

இறுதிச்சுற்று ஞாயிற்றுக்கிழமை பகலில், நேரலையாக நடந்தது. நாலு பேர் மிஞ்சியிருந்தார்கள். லிஃப்ட் குயிலுக்குத்தான் மகுடம் என்று காற்றுவாக்கில் பேச்சு அடிபட்டது. முதல் பாட்டு முடிந்ததும் தொகுப்பாளர் அவள் பக்கத்தில் வந்து, குரலைக் கரகரப்பாக்கிக்கொண்டு, அப்பா இன்னைக்கு இருந்திருந்தா என்னம்மா சொல்லியிருப்பார் என்று கேட்டார். மகள் மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"அப்பா இருக்கார்" என்றாள்.

அரங்கமே கைதட்டியது. அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண் நடுவர் கைக்குட்டையை எடுத்துவிட்டாள்.

"நிஜமாவே இருக்கார். அவருக்கு ஒண்ணும் ஆகலை."

எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கும் அப்படித்தாம்மா, எங்கம்மா என்னை விட்டு எங்கேயும் போகலை என்றாள் அக்கா.

"அதோ, மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்கார்" என்று மகள் விரலை நீட்டினாள். கேமரா வேகமாகத் திரும்பி, லிஃப்ட்காரரைத் தாண்டிப்போய், பக்கத்திலிருந்த காலி நாற்காலியில் நின்றது. காலி நாற்காலியைப் பார்த்து ஊரே அழுதது. லிஃப்ட்காரர் பொறுக்கமாட்டாமல் எழுந்து கையைத் தூக்கினார். தம்பியை வழியனுப்பிக் கையசைக்கும் பெரியப்பா என்றார் தொகுப்பாளர். பின்வரிசையில் யாரோ, உட்காருங்க சார், மறைக்குது என்றார்கள்.

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. பன்னிரண்டு வாரம் கலங்கி நின்ற பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கி மூன்றாவது வரிசைக்கு வந்தாள்.

"சொல்லிட்டேன்பா. அவங்க நம்பலைன்னா நான் என்ன பண்றது?"

அந்த 'ப்பா' காதில் விழுந்ததும் லிஃப்ட்காரர் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது பாட்டு பாக்கி இருக்கிறது, போய்ப் பாடு என்று மட்டும் சொன்னார். அவள் போய்ப் பாடினாள். அப்பாவுக்கென்று எழுதிவைத்திருந்த சோகப் பாட்டை ஒதுக்கிவிட்டு, ஒரு குதியாட்டப் பாட்டை எடுத்து வெளுத்து வாங்கினாள். இத்தனை வாரத்தில் அவள் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை.

நாலு பேரில் நாலாவதாக வந்தாள். அப்பனைப் பறிகொடுத்த பெண்ணுக்கு அப்படி என்ன சிரிப்பு என்று ஜனங்கள் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டார்கள். மகுடம் இடது கால்காரனுக்குப் போயிற்று. தோற்றவர்களை வீட்டில் கொண்டுவிடக் கார் கிடையாது என்பதால் மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும், முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி திரும்பி லிஃப்ட்காரரை உற்றுப் பார்த்து, நீங்க அந்த லிஃப்ட் குயிலோட பெரியப்பாதானே என்று கேட்டாள்.

"எங்கப்பா" என்றாள் மகள், அவர் வாயைத் திறப்பதற்குள்.

அந்த அம்மாளின் முகம் இளகியது. பாவம், பொண்ணுக்கு இன்னும் மனசு ஆறலை என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள்.

"பொண்ணு சரியாத்தான் சொல்றா" என்றாள் அம்மா. "இவர் என் புருஷன்."

"ஓ" என்றாள் அந்த அம்மாள். அவள் பார்வை அம்மாவிடமிருந்து பெரியப்பாவுக்கும், பெரியப்பாவிடமிருந்து அம்மாவுக்கும் போய்வந்தது. செத்தவனின் பெண்டாட்டியை அவன் அண்ணன் கட்டிக்கொண்ட கதை மொத்தமும் அந்த ஒரு 'ஓ'வில் எழுதி முடிந்தது. முகத்தைச் சுளித்து முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு ஒருவரும் அதை விளக்க முயலவில்லை. ஜன்னலோரம் இருந்த மகள் எழுந்து இடம்விட்டாள்.

"அப்பா, நீங்க இங்க உட்காருங்க" என்றாள், பஸ் முழுக்கக் கேட்கும்படி. லிஃப்ட்காரர் போய் உட்கார்ந்துகொண்டார்.