கலங்கல் மூட்டைகள்

கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, செண்பகம் அம்மாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் துணிக்கிழிசலால் சேர்த்துக் கட்டினாள். மறுமுனையில் அம்மாவின் ஒரே தம்பி, முனிரத்தினம் மாமா.

"அம்மா போயிட்டாங்க மாமா."

"இப்பத்தான் சேதி வந்துச்சு கண்ணு."

"கோடிச் சேலை எடுத்துக்கினு வந்துடு."

"எங்கழனியில உங்க ஊரு தண்ணி நிக்குதும்மா. அத்த மிதிச்சிக்கினு நான் எப்டி அந்த ஊட்டுக்கு வருவேன்?"

வைத்துவிட்டார்.

அந்த ஏரியை அறியாதவர்களுக்கு இது வெறும் வீம்பாகத்தான் படும். சோழவரத்துக்கு வடக்கே, ஒரே ஏரிக்கு இரண்டு ஊர். கரைக்குக் கீழே, மதகுத் தண்ணீர் பாயும் பக்கம் கீழப்பட்டு. எதிரே, நீர் பரவி நிற்கும் பக்கம் மேலப்பட்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்து போய்விடும். இரண்டு ஊருக்கும் பொதுவாக முன்னோர் கட்டிவைத்த அளவு அது. ஆனால் ஒரு மழைக்காலத்தில், அடுத்த போகமான நவரைப் பயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்று கீழப்பட்டார் கலங்கல்மேல் மணல்மூட்டை அடுக்கினார்கள். இங்கே ஒரு முழம் உயர்ந்தால் அங்கே கதிர் முங்கும். முதல் மூட்டையை வைத்தவர் செண்பகத்தின் அப்பா ஆதிநாராயணன். முங்கியதில் அவருடைய மச்சினன் கழனியும் ஒன்று. அதற்குப் பிறகு முனிரத்தினம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. வருஷாவருஷம் மூட்டை மட்டும் தவறாமல் ஏறியது.

"பொறந்த ஊட்டுக் கோடி எங்கடி?" பெரியம்மா ஈஸ்வரி கேட்டாள். "அது மேல உழாம எப்டி தூக்கறது? அநாதையா அவ?"

செண்பகத்தின் தம்பி அன்புசெல்வன் குரலைத் தாழ்த்தினான். "நாமளே ஒண்ணு வாங்கியாந்து, மாமா குடுத்துச்சுனு போத்திடலாம்கா. வானம் இருட்டிக்கினு வருது."

"பெத்தவளயே ஏமாத்துவியா? கலங்கல் மூட்டைய எடுக்கச் சொல்லுடா."

பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாக்கா பேசற? எடுத்தா தண்ணி மொத்தம் கால்வாயில எறங்கும். சுடுகாட்டுக்கு அத்த தாண்டித்தான் போவணும். நவரைக்கு இன்னா பண்றது?"

"கும்மிடிப்பூண்டி கம்பெனில ஷிஃப்ட்டு போறவனுக்கு நவரை இன்னாத்துக்குடா? நாத்துல வேரு எந்தப் பக்கம்னாவது தெரியுமா ஒனக்கு?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அவனுக்கு வோணாம்மா, எங்களுக்கு வேணுமே," என்றார் பக்கத்துக் கழனிக்காரர். பொல்லாத்தனமாகச் சொல்லவில்லை.

செண்பகம் போய் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தாள். "நைனா. தம்பி வரலையேனு அம்மா ஒரு நாளாவது உன்ன கேட்டாங்களா?"

ஆதிநாராயணன், மனைவி மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேக்கல," என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "மணி கேக்கவே இல்ல."

யாரையும் கூப்பிடவில்லை. ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். அன்புசெல்வன் பின்னாலேயே ஓடினான். கொஞ்சம் பொறுத்து அந்தக் கழனிக்காரரும், தலையில் அடித்துக்கொண்டு, எழுந்து போனார்.

மூட்டைகள் நகர நகர, கலங்கலின் இரைச்சல் தெருவரை கேட்டது. அக்கரைக்கும் கேட்டிருக்கும்.

மத்தியானம் தாண்டி முனிரத்தினம் வந்தார். முழங்கால்வரை சேறு. அரக்குச் சேலையைப் பிரித்து அக்கா மேல் போர்த்தினார். கழுத்தோரம் சுருங்கியிருந்ததை இழுத்துவிட்டார். மச்சான் பக்கம் திரும்பவில்லை. ஆதிநாராயணனும் வா என்று சொல்லவில்லை.

பெண்கள் தெருக்கோடியோடு நிற்க வேண்டும். செண்பகம் அங்கிருந்தே பார்த்தாள். கால்வாயில் தண்ணீர் செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. அன்புசெல்வன் தீச்சட்டியை உயரத் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கினான். பிறகு பாடை. கடைசியாகக் கிழவர்கள் இருவரும், ஒருவரை விட்டு ஒருவர் தள்ளியே இறங்கினார்கள்.

நடுவில் இழுப்பு அதிகம். ஆதிநாராயணனுக்குக் கால் வாரியது. முனிரத்தினம் எட்டி அவர் கையைப் பிடித்தார்.

அந்தக் கரை ஏறும்வரை விடவில்லை. ஏறியதும் கையை விட்டுவிட்டு, ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று வேட்டியைப் பிழிந்தார்கள்.