நாற்பது நிமிஷம் மிச்சம்

எலும்பு முறிவு வார்டில் துணி அலமாரி ஒரு கோடியில் இருந்தது. ஒரு விரிப்பு எடுக்க அறுபத்திரண்டு எட்டு போகணும், அறுபத்திரண்டு எட்டு வரணும். துணிகளை இரண்டு தள்ளுவண்டிகளில் அடுக்கிக் கட்டில்களுக்கு நடுவே நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தவள் அந்த வார்டு நர்ஸ்தான். 'தொடர் முன்னேற்றத் திட்டம்' என்று ஆஸ்பத்திரி எல்லோரிடமும் யோசனை கேட்டிருந்த நேரம். கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஷிஃப்டுக்கு நாற்பது நிமிஷம் மிச்சம். கைதட்டிச் சான்றிதழும் கொடுத்தார்கள்.

இரண்டு மாதத்தில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மதிய ஷிஃப்டுக்கு இரண்டு உதவியாளர் தேவையில்லை, ஒருவர் போதுமாம். திங்கட்கிழமையோடு வேலை போகிற உதவியாளர் அந்த நர்ஸுடைய சின்னம்மா.

"சிஸ்டர், உங்க யோசனை பிரமாதம்" என்றாள் சின்னம்மா. டியூட்டியில் சின்னம்மாவுக்கும் அவள் 'சிஸ்டர்'தான். அடுத்த நொடி குரல் மாறியது. "ஏண்டி, சும்மா கெடந்த சங்கை எதுக்குடி ஊதின?"

நர்ஸுக்குச் சுருக்கென்றது. அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த நாற்பது நிமிஷத்தில் உதவியாளர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கதையா பேசினார்கள்? அசைய முடியாத நோயாளிகளை இரண்டு மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைத்தார்கள். இரண்டு மாதமாக ஒருத்தருக்கும் படுக்கைப்புண் இல்லை. அதை எழுத எந்தத் தாளிலும் இடமில்லை.

திட்ட அதிகாரி வார்டுக்கு வந்தார். கையில் வேலை போகிறவர்களின் பட்டியலும் இன்னொரு தாளும். யோசனையை மற்ற வார்டுகளுக்கும் கொண்டுபோக அந்தத் தாளில் அவள் கையெழுத்து வேண்டுமாம்.

"போடறேன் சார். அதுக்கு முன்னாடி இந்தக் காலிக் கட்டில்ல படுங்க."

"நானா?"

"அளக்கறவர்தானே நீங்க? உடம்பைத் தளர்த்துங்க. நோயாளி நமக்கு ஒத்தாசை பண்ண மாட்டார்."

அதிகாரி சிரித்துக்கொண்டே படுத்தார். நல்ல கனம். அவள் ஒற்றை ஆளாய்த் தோளைப் பிடித்துத் தள்ளினாள். தோள் திரும்பியது, இடுப்பு அம்மியாய்க் கிடந்தது. மறுபடி தள்ளினாள்.

"ஐயோ, சட்டை! கழுத்து!"

"உங்களுக்குக் கழுத்து. இடுப்பு உடைஞ்சவருக்கு எங்க வலிக்கும்னு யோசிங்க."

சின்னம்மா தானாகவே எதிர்ப்பக்கம் வந்து நின்றாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு." அடியில் கிடந்த விரிப்போடு சேர்த்து மனிதர் பூப்போலப் புரண்டார்.

அவர் எழுந்து சட்டையை உள்ளே செருகினார். "புரியுது. ஆனா பட்டியல் மேலிடத்து முடிவும்மா."

"அப்போ மேலிடத்தையும் கூட்டிட்டு வாங்க. அவங்களையும் புரட்டிக் காட்டறேன்." அவள் தாளை வாங்கி, கையெழுத்துப் போடும் இடத்தில் எழுதினாள்: 'மிச்சமான நேரம் நோயாளிகளுடையது. மதிய ஷிஃப்டில் இரண்டு பேர் இருந்தால் மட்டுமே சம்மதம்.' "இதைப் படிச்சுட்டு எந்த வார்டு வேணும்னாலும் வண்டி வாங்கட்டும்."

அதிகாரி இரண்டு தடவை படித்தார். பேனாவை எடுத்துப் பட்டியலில் சின்னம்மா இருந்த வரிக்குப் பக்கத்தில் 'நிறுத்தி வைக்கவும்' என்று எழுதினார். "ஒரு மாசம்தான். அதுக்கு மேல என் கையில இல்ல."

"போதும். முப்பது நாளும் யாரை எத்தனை தடவை திருப்பினோம்னு எழுதறேன். மாசக் கடைசியில நானே எடுத்துட்டு வந்து மேசைமேல வைப்பேன்."

அவர் போனதும் சின்னம்மா பெருமூச்சு விட்டாள். "ஒரு மாசம்தானேடி?"

"ஒரு மாசத்துல நான் எவ்வளவு கத்துவேன்னு உனக்குத் தெரியாதா? வா, ஒன்பதாம் கட்டிலுக்கு நேரமாச்சு."